ஐம்பது வாட்டும் குளோரியின் காதும்

முட்டத்தில் குளோரியின் குரல் கேட்காத வீடு கிடையாது. கடற்கரை ஏலத்தில் ஒரு கூடை நெத்திலிக்கு அவள் வாய் திறந்தால், எட்டி உட்கார்ந்து வலை பிரிக்கிறவர்கள்கூடக் கையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள். அப்படிப்பட்டவளுக்குப் போன வருஷம் காதுக்குள் ஓர் இரைச்சல் தொடங்கியது. ஓயாத, ஒரே மாதிரியான இரைச்சல். நாகர்கோவிலில் காது டாக்டர் பார்த்துவிட்டு, பெரிய சத்தத்துக்குப் பக்கத்தில் போகவே கூடாது என்று சொல்லி, இரண்டு பஞ்சு உருண்டையையும் கொடுத்தனுப்பினார்.

ஏலத்தை அவள் விடுவாளா? விடவில்லை. காதில் பஞ்சை வைத்துக்கொண்டு முன்னைவிட உரக்கக் கத்தினாள். டாக்டரின் வார்த்தை போய் விழுந்தது அவள் கணவர் யூஜினின் தலையில்தான்.

யூஜினுக்கு ஐம்பத்தேழு வயது. பஹ்ரைனில் கப்பல் பழுது பார்க்கும் தளத்தில் இருபத்திரண்டு வருஷம் ஃபிட்டர். கேம்ப் அறையில் எட்டு பேர். வெள்ளிக்கிழமை விடுமுறைகளில் மற்றவர்கள் சீட்டாட, இவர் ஒரு பழைய கித்தாரை மடியில் வைத்து விரல் தேயத் தேயத் தானே கற்றுக்கொண்டார். ஏதோ ஓட்டல் பாண்டு கலைந்தபோது அவர்களுடைய ஆம்ப்ளிபயர் இவர் கைக்கு வந்தது. வால்வு வைத்த பழைய வகை, ஐம்பது வாட், தூக்க இரண்டு ஆள் வேண்டும். ஊருக்கு மொத்தமாகத் திரும்பியபோது அதைக் கம்பளியில் சுற்றி கார்கோவில் போட்டார். வாஷிங் மெஷின் என்று ஆசையாய்ப் பிரித்த குளோரி அன்றைக்குப் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

அதெல்லாம் நடந்து பதினோரு வருஷம். யூஜின் இப்போது படகு எஞ்சின்கள் பழுது பார்க்கிறார். நான்கு மணிக்குக் கை கழுவி வந்து, முன்னறையில் அந்த ஆம்ப்பைப் போட்டு ஒரு மணி நேரம் வாசிப்பார். பெரும்பாலும் ஒரே மெட்டு, கேம்ப்பில் அவரே உண்டாக்கியது, பேர் கிடையாது. அவர் சுவிட்சைத் தட்டியதும் குளோரி மீன் சட்டியையும் வாளியையும் எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விடுவாள். அவளுக்கு இந்தச் சத்தமும் பகளமும் ஆகாது என்றுதான் ஊரே நினைத்தது. யூஜினும் அப்படித்தான் நினைத்தார்.

அதனால் டாக்டரைப் பார்த்துவந்த அன்றே ஆம்ப்பின் வயரைப் பிடுங்கிச் சுருட்டி வைத்தார். குமிழைக் குறைத்து மெதுவாக வாசித்தால் என்ன என்று கேட்கலாம். வால்வு ஆம்ப் அந்த ஏற்பாட்டுக்கு ஒத்துவராது. அது முழு மூச்சில் உழைத்து வேர்த்தால்தான் சத்தத்தில் ஒரு கனிவும் கரகரப்பும் ஏறும். குறைத்து வைத்தால் உப்பில்லாத கஞ்சிதான். அதை வாசிப்பதைவிடச் சும்மா இருக்கலாம். நான்கு மாதம் அவர் சும்மா இருந்தார், அந்த நான்கு மாதமும் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

கடியபட்டணத்தில் கல்யாணங்களுக்கு வாசிக்கிற டிஜோ இதைக் கேள்விப்பட்டு வந்து, ஆம்ப்பைத் தனக்கு விலைக்குத் தரமுடியுமா என்று கேட்டான். அடுத்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து எடுத்துப் போ என்று சொல்லிவிட்டார் யூஜின். சொன்ன பிறகுதான் அதை விட மனசில்லை என்று தெரிந்தது. கையில் இருந்தது நான்கு வாரம். அதற்குள் குளோரியின் காதுக்குக் கேடில்லாமல் இந்த ஆம்ப்பை வீட்டில் வைத்துக்கொள்ள ஒரு வழி கண்டுபிடிக்க வேண்டும்.

கடற்கரைக்காரனுக்கு முதலில் தோன்றும் வழி எதுவோ அதுவே அவருக்கும் தோன்றியது. குளோரி ஏலத்துக்குப் போயிருந்த ஒரு காலையில், மீன் ஐஸ் போட்டு வைக்கும் அவளுடைய பெரிய ஃபைபர் பெட்டியைக் கழுவித் துடைத்து, ஆம்ப்பை உள்ளே இறக்கி, வயரை மட்டும் வெளியே விட்டு மூடியை அமுக்கினார். சத்தம் நன்றாகவே அடங்கியது. யூஜினுக்குத் தலைகால் புரியவில்லை. அரைமணி நேரம் வாசித்திருப்பார், பாதியில் கித்தார் ஊமையாகிவிட்டது. மூடி இடுக்கில் புகை வந்தபோது குளோரி வாசலில் நின்றாள்.

"எனக்க பெட்டிக்குள்ள என்னத்த வேக வச்சிருக்கீரு?"

யூஜின் ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினார். கருகிய வாடையும் சாளை மீன் வாடையும் சேர்ந்து வீடு முழுக்கப் பரவிக்கொண்டிருந்தது.

ஆம்ப்பை ஆட்டோவில் ஏற்றித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் கடை வைத்திருக்கும் கபிரியேலிடம் கொண்டுபோனார். படகுகளின் வயர்லெஸ் செட்டையும் மீன் பார்க்கும் கருவியையும் பழுது பார்க்கிறவர். திறந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஓய், வால்வுன்னா அடுப்பு மாதிரி சூடு கக்கும். அத ஐஸ் பெட்டியில வச்சு மூடினா எப்படி ஓய்? ஒரு வால்வோட போச்சு, ஒம்ம நல்ல காலம்."

"ஒச்சைய கொறைக்கணும் கபிரியேலு. வேற வழி இல்லாமத்தான்."

"அதுக்குன்னு ஒரு பெட்டி இருக்கு. அட்டனுவேட்டர்னு பேரு. ஆம்ப்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவுல மாட்டணும். ஆம்ப் அது பாட்டுக்கு முழுசா ஓடும். வார சக்தியில முக்கால்வாசிய இந்தப் பெட்டி வாங்கி சூடாக்கி வெளிய விட்டிரும். மிச்சந்தான் ஸ்பீக்கருக்குப் போவும்."

எஞ்சினுக்குச் சைலன்சர் மாதிரி என்று யூஜின் உடனே பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து செல்போனும் கையுமாக அலைந்தார். ஒரு வாரம் தேடி, படம் அழகாயிருந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்து, வாங்கும் பொத்தானை அமுக்குவதற்கு முன்பு நல்லவேளையாகக் கபிரியேலிடம் காட்டினார்.

"இது எட்டு ஓம். ஒம்ம ஆம்ப்புக்குப் பின்னால என்ன எழுதியிருக்கு?"

"பதினாறு."

"அப்ப பதினாறுதான் வேணும். மாத்தி மாட்டினா டிரான்ஸ்பார்மருக்குக் கேடு. பொறவு இது அம்பது வாட்டுதான் தாங்கும். ஆம்ப்புல அம்பதுன்னு எழுதியிருக்கும், முழுசா தெறந்தா அதுக்கு மேலேயும் போவும். நூறு தாங்குததா பாரும். ஆம்ப்புக்கும் பெட்டிக்கும் நடுவுல கித்தார் வயரையும் சொருகிராதயும், ஸ்பீக்கர் வயருதான் போடணும்."

இந்தக் கணக்குக்கெல்லாம் தேறி நின்றவை இரண்டு. ஒன்றில் உள்ளே வெறும் ரெசிஸ்டர்கள். எடை குறைவு, வேண்டுமென்றால் சத்தத்தைக் குசுகுசுப்புவரை இறக்கலாம். இன்னொன்றில் கனமான காயில்களும் உண்டு. நிஜ ஸ்பீக்கர் எப்படி நடந்துகொள்ளுமோ அப்படியே நடந்துகொண்டு ஆம்ப்பை ஏமாற்றும். ஆனால் முதலாவதைப் போலக் குசுகுசுப்புவரை அது இறங்காது. எது நல்லது என்று படித்துத் தெரிந்துகொள்ள முடியாது, காதால் கேட்க வேண்டும் என்றார் கபிரியேல். நாகர்கோவில் வெட்டூர்ணிமடத்தில் ஸ்டூடியோ வைத்துக் கிறிஸ்தவப் பாட்டுகள் பதிவு செய்கிற டெனிஷிடம் இரண்டும் இருக்கின்றன என்றும் சொன்னார்.

காதால் என்றால் யார் காதால்? கப்பல் தளத்தின் சுத்தியல் சத்தத்தில் யூஜினின் காது பாதி போய்விட்டது. மேலும், சத்தம் ஆகாதது குளோரிக்குத்தானே. அவளைக் கூப்பிட இரண்டு நாள் பயந்துகொண்டிருந்துவிட்டு மூன்றாம் நாள் கேட்டார்.

"ஞாயித்துக்கெழம டிஜோ வருவான்லா? பொறவு என்னத்துக்கு?" என்றாள்.

"ஒரு தடவ கேட்டுட்டு சொல்லுட்டி. ஒனக்கு ஒத்துக்கிடலன்னா அவன் எடுத்துட்டுப் போட்டு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

அவள் நல்ல சேலை உடுத்தி, இரண்டு காதிலும் பஞ்சோடு பஸ் ஏறினாள். சேமித்து வைத்த பேச்சையெல்லாம் வழியில் பேசுகிறவள், அன்று வெட்டூர்ணிமடம்வரை வாய் திறக்கவில்லை.

டெனிஷ் இளவட்டம், பொறுமைசாலி. யூஜினுடையதைப் போன்ற ஒரு வால்வு ஆம்ப்பில் முதல் பெட்டியை மாட்டிக் குமிழை நன்றாக இறக்கிக் கொடுத்தான். யூஜின் தன் மெட்டை வாசித்தார். சுவர்க்கடிகாரம் கேட்கிற அளவுக்கு மெதுவாக இருந்தது. இதைவிட என்ன வேண்டும் என்று குளோரியைப் பார்த்தார். அவள் காதுப் பஞ்சை எடுத்துக் கைப்பைக்குள் போட்டாள்.

"இது ஒம்ம வாசிப்பு இல்ல," என்றாள். "போர்வைய மூடிக்கிட்டு பேசுதது கணக்கா இருக்கு. அந்த மெட்டுல ரெண்டாவது எடத்துல ஒரு இழுப்பு வருமே, அழுதுட்டு சிரிக்கது கணக்கா. அது எங்க?"

யூஜின் கித்தாரிலிருந்து கையை எடுத்துவிட்டார். டெனிஷ் இரண்டாவது பெட்டியை மாட்டினான். மறுபடி அதே மெட்டு. இம்முறை அந்த இழுப்பு, சின்னதாக, ஆனால் முழு உயிரோடு வந்தது. குளோரி எழுந்துபோய்ப் பெட்டியின் குமிழைத் தானே பிடித்து ஒரு படி கூட்டினாள்.

"இம்புட்டு இருக்கட்டு. இதுதான்."

"ஆன்டி, பாட்டுப் படிச்சவங்களே இத ஒடனே கண்டுபிடிக்க மாட்டாங்க," என்றான் டெனிஷ்.

யூஜினுக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. "நீ இதெல்லாம் எப்பம்ட்டி கேட்ட? நான் வாசிக்கத் தொடங்கினா பொறத்த ஓடிருவியே?"

"முன்னால இருந்தா செவி கிழியும். பொறத்த நின்னா பாதி ஒச்சைய சுவரு வாங்கிக்கிடும். மிச்சத்த நான் கேப்பேன். ஒரு சட்டி மீனு கழுவ ஒரு மணிக்கூறு ஆவுமா?"

பதினோரு வருஷம் ஒரே கூரைக்குக் கீழே இருந்துகொண்டு இது தெரியாமல் போயிற்றே என்று யூஜினுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட நூறு மடங்கு சந்தோஷமாகவும் இருந்தது. டெனிஷ் முன்னால் கண்ணைத் துடைக்கக் கூச்சப்பட்டு, வயரைச் சுருட்டுகிற மாதிரிக் குனிந்துகொண்டார்.

டிஜோவுக்குச் செய்தி சொல்லும் பொறுப்பைக் குளோரியே எடுத்துக்கொண்டாள். ஏலத்துக்கு நடுவில் அவனைக் கண்டு, "ஆம்ப் விக்கதுக்கு இல்ல மக்கா!" என்று ஒரு குரல் கொடுத்தாள். டிஜோவோடு சேர்த்துக் கடற்கரை முழுக்கத் தெரிந்துகொண்டது. பையன் பாவம், சிரித்துக்கொண்டு போனான்.

வரவழைத்த பெட்டி வியாழக்கிழமை கூரியரில் வந்தது. கபிரியேல் புது வால்வு போட்டுக் கொடுத்திருந்தார். யூஜின் வயர்களை மூன்று முறை சரிபார்த்து, ஓம் எண்ணை வாய்விட்டுப் படித்து, நான்கு மணிக்குச் சுவிட்சைத் தட்டினார். குளோரி வாளியைத் தேடவில்லை. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப்போட்டு ஸ்பீக்கருக்கு எதிரே உட்கார்ந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் எதிரே உட்கார்ந்து அவர் வாசித்ததில்லை. முதல் இரண்டு வரி தப்பாகிப் பிறகு விரல் சரிக்கு வந்தது. மெட்டு முடிந்ததும் நிறுத்திவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். கண்ணை மூடியிருந்தாள்.

"செவி வலிக்கா? நிறுத்திரட்டா?"

அவள் கண் திறக்கவில்லை. "நீரு எனக்காவத்தான் நிறுத்தினீரு, எனக்குத் தெரியும். அதனாலதான் ஒண்ணும் சொல்லல. ஆனா இந்த நாலஞ்சு மாசமா வீட்டுல ஒரு ஒச்சையும் இல்ல. செவிக்குள்ள கெடக்க இரைச்சல் மட்டும் விடாமக் கேட்டுது. கடப்புறத்துல நின்னா தெரியாது, வீட்டுக்குள்ள வந்தா அதுதான். இருந்து அழுதிருக்கேன்."

"எங்கிட்ட ஒரு வாக்கு சொல்லக்கூடாதா குளோரி?"

"இப்ப வாசிச்சீருல்லா, அம்புட்டு நேரமும் அது கேக்கல," என்றாள் அவள். "நிறுத்தாம வாசியும்."