சின்ன வயசுப் பழக்கம்

என் அக்கா அகஸ்டினாவை ரெட்டியார்பாளையத்துக் கல்லறையில் அடக்கம் செய்து ஒரு மாதம் ஆகிறது. அன்று வந்தவர்களில் பாதிப் பேருக்கு அவளைப் பற்றித் தெரிந்தது ஒன்றுதான்: பெரிய வீட்டுக்கு வாழப்போய், கெட்ட பெயரோடு விவாகரத்தாகித் திரும்பியவள். மீதியை எழுதிவைக்க என்னைத் தவிர ஆள் இல்லை.

எங்கள் அப்பா பேக்கரியில் ரொட்டி போட்டவர். அக்கா ஒரு கான்வென்ட்டில் சின்னப் பிள்ளைகளுக்கு டீச்சர். பள்ளி ஆண்டு விழாவில் அவளைப் பார்த்துவிட்டு ஜோசப் ஆனந்த் வீட்டிலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி, குதிரை வண்டி நுழைகிற அளவுக்கு வாசல் கொண்ட வீடு. பூட்டனார் பிரெஞ்சுக்காரர் காலத்து நீதிபதி. குடும்பமே பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளது. மாப்பிள்ளை ஜோசப் ஆனந்துக்குப் பாரிஸில் வேலை. சாப்பாட்டு மேசையில் பிரெஞ்சு பேசுவார்கள், வேலைக்காரர்களிடம் தமிழ். அக்காவிடம் தமிழ்தான் பேசினார்கள்.

மாமியாரை ஊரே பிரெஞ்சு வழக்கப்படி மதாம் என்றது. அக்காவும் அப்படியே கூப்பிட்டாள். மதாமுக்குப் பாரிஸ் குளிர் ஆகாது, பார்த்துக்கொள்ளவும் ஆள் வேண்டும். அதனால் அக்கா இங்கேயே இருந்தாள். ஜோசப் மாமா லீவுக்கு வந்து போனார். ரூபி பிறந்தாள். அவள் கொஞ்சம் வளர்ந்ததும் கீபோர்டு சொல்லிக்கொடுக்கப் பிரகாசம் வந்தார். எங்கள் தெருப் பையன், மாதா கோயிலில் ஆர்கன் வாசிப்பவர்.

மாமாவுக்கு அங்கே வேறொரு பெண் இருப்பது எங்களுக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. அந்த வீட்டில் இதுவரை யாரும் விவாகரத்து செய்ததில்லை. நடந்துதான் ஆகவேண்டும் என்றால், தப்பு வெளியிலிருந்து வந்தவளுடையதாக இருக்க வேண்டும். பாரிஸில் வழக்குப் போட்டார்கள். டவுனில் ஒரு வக்கீல் ஆபீசுக்கு அக்காவைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். துணைக்கு நான் போயிருந்தேன். வக்கீல் பிரெஞ்சில் கேட்பார். நாராயணசாமி என்ற பெரியவர் அதைத் தமிழாக்கிச் சொல்லி, அக்காவின் பதிலைப் பிரெஞ்சில் திருப்பிச் சொல்வார்.

"பிரகாசத்தத் தெரியுமான்னு கேக்கறாரும்மா."

"தெரியாம இன்னா சார்? சின்ன வயசுலேர்ந்தே பழக்கம்."

"பழக்கமா?"

"ஆமா, ஒரே தெரு. பாதி நாள் எங்க வூட்லதான் கெடப்பான்."

பெரியவர் ஒரு நொடி தயங்கி, பிறகு பிரெஞ்சில் சொன்னார். வக்கீல் தலை நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார்.

"கல்யாணத்துக்கப்புறமும் அந்தப் பழக்கம் இருந்துதான்னு கேக்கறாரு."

"இல்லாம எப்டி? வாரா வாரம் வூட்டுக்கே வருவானே!" என்று அக்கா சிரித்தாள். அந்த அறையில் அவள் ஒருத்திதான் சிரித்தாள்.

எங்கள் தெருவில் பழக்கம் என்றால் அறிமுகம். அதையே குரலைத் தாழ்த்தி, கண்ணைச் சிமிட்டிச் சொன்னால் வேறு. எது எந்தப் பழக்கம் என்று எங்களுக்குக் கேட்டதும் தெரிந்துவிடும். பிரெஞ்சுக்குப் போனபோது அதில் இரண்டாவது அர்த்தம் மட்டும் போனது. தட்டச்சு செய்து வந்ததைப் படிக்கத் தெரியாமல் அக்கா கையெழுத்துப் போட்டாள்.

ரூபியைப் பெரிய லீவுக்கு மாமா பாரிஸுக்குக் கூட்டிப்போயிருந்தார். அவள் திரும்பி வரவில்லை. தீர்ப்பு அவளை அப்பாவிடமே விட்டது. அப்போது அவளுக்கு ஒன்பது வயது.

ஊருக்குப் பேச விஷயம் கிடைத்தது. "ஆர்கன் கட்டைய மட்டுமா பழக்கி வச்சிருந்தாரு?" என்று பாடகர் குழுப் பெண்கள் அக்கா காதில் விழும்படியே சிரித்தார்கள். பிரகாசம் குடும்பத்தோடு கடலூருக்குப் போய்விட்டார். அக்கா மூலக்குளத்தில் ஒரு மாடி போர்ஷனில் டியூஷன் எடுத்துப் பிழைத்தாள். முதலில் போனில் ரூபி, "அம்மா, நீ எப்போ வர்ற?" என்று கேட்பாள். பிறகு பிரெஞ்சில் மட்டும் பேசினாள். பிறகு போனுக்கே வரவில்லை.

அதன்பிறகுதான் அக்கா பிரெஞ்சு வகுப்பில் சேர்ந்தாள், கல்லூரிப் பிள்ளைகளோடு. அவர்கள் மரியாதையாக மதாம் என்றபோது, "அந்தப் பேரு மட்டும் வேணாம்பா" என்றாளாம்.

"இந்த வயசுல எதுக்குக்கா இது?" என்று கேட்டேன்.

"நடுவுல ஆள் வச்சித்தானேடி கெட்டுச்சு. எம் பொண்ணு கிட்ட நானே சொல்லிக்கறேன்."

சமைக்கும்போதும் வினைச்சொற்களை முணுமுணுப்பாள். அந்த ஒரு பேச்சுக்காக வருடக்கணக்கில் தயாரானாள்.

மாமா இறந்த பிறகு, டவுனில் இருந்த அவர்கள் பெரிய வீட்டை விற்பதற்காக ரூபி வந்தாள். அக்காவுக்கு அப்போது புற்றுநோய் முற்றியிருந்தது. கோரிமேட்டு ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்திருந்தோம். கட்டிலுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு மகளை உட்கார வைத்தேன். அக்கா பேசினாள். நிறுத்தாமல், மூச்சு வாங்கிக்கொண்டு பேசினாள். எனக்குப் புரிந்தது பிரகாசம் என்ற பெயர் ஒன்றுதான். ரூபி குனிந்தபடி கேட்டாள். பிறகு கொஞ்சமாக ஏதோ சொன்னாள். அக்கா ஒன்று கேட்டாள். அதற்கும் சின்னதாகப் பதில் வந்தது. அதோடு பேச்சு முடிந்தது. ரூபி அம்மாவின் நெற்றியில் முத்தமிட்டுவிட்டுக் கிளம்பினாள்.

"இன்னாக்கா சொன்னா?"

"அவளுக்கு மொதல்லேர்ந்தே தெரியுமாம்."

"இன்னா தெரியுமாம்?"

"அது பொய்யின்னு. அந்த வூட்ல எல்லாருக்குமே தெரியுமாம். தன் வாயாலயே சொல்லிட்டாளேன்னு, வெயில் காலத்துல பாரிஸுக்குப் போறப்பல்லாம் மதாம் சாப்புடும்போது சொல்லிச் சிரிப்பாங்களாம்."

"அப்போ ஏன் இத்தினி வருசம் வரல?"

"அதான் நானும் கேட்டேன். வந்தா அப்பா திரும்ப சேத்துக்க மாட்டாருன்னு பயமாம். அப்புறம் பழகிப்போச்சாம்."

அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். சுவரைப் பார்த்தபடியே, "எம் பிரெஞ்சு நல்லா இருக்குன்னு சொன்னா" என்றாள்.

அதன்பிறகு பிரெஞ்சுப் புத்தகங்களை அவள் கேட்கவில்லை. மருந்து வேண்டாம் என்று சொல்லவில்லை, கொடுத்தால் விழுங்கினாள். அவ்வளவுதான்.

அடக்கத்துக்கு ரூபி வரவில்லை. வீடியோ காலில் இருந்தாள். என்னிடம் முதலில் ஆங்கிலத்தில்தான் பேசினாள். பெட்டியை இறக்கி மண் விழத் தொடங்கியதும் அவளுக்கு ஆங்கிலம் போய்விட்டது. அழுதுகொண்டே பிரெஞ்சில் ஏதோ சொன்னாள். அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். கேள்வியா, மன்னிப்பா என்று தெரியவில்லை. டவுன் வீட்டு உறவு ஒருவரும் வந்திருக்கவில்லை. சுற்றி நின்றவர்கள் எல்லாம் எங்கள் தெருக்காரர்கள், பிரெஞ்சு தெரியாதவர்கள்.

"இன்னாடி சொல்லுது பொண்ணு?" என்று சித்தி கேட்டாள்.

"தெரியல சித்தி."

போனைக் குழிப் பக்கமாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டேன்.