பச்சைத் துணியில் உருண்ட பந்து

சாயப்பட்டறையிலிருந்து வந்த துணி உருளையைப் பிரிக்கும்போது உள்ளே அடைபட்டிருந்த வெக்கை முகத்தில் அடிக்கும்; சாயமும் நீராவியும் கலந்த அந்த வாசனை இன்று எங்காவது வந்தால் எனக்குக் கம்பெனி நினைவுக்கு வருவதில்லை, பச்சைத் துணி விரித்த எங்கள் வீட்டு ஹாலும் அதன் ஓரத்தில் குத்தவைத்து உட்கார்ந்திருந்த அப்பாவும்தான் வருகிறார்கள்.

பெருமாநல்லூரில் வீட்டை ஒட்டியே எங்கள் பனியன் கம்பெனி. பத்தாவதோடு படிப்பை நிறுத்தி, மூத்தவளான நான் தையல் மெஷினில் உட்கார்ந்த வருடம், கோல்ஃப் ஆடுகிறவர்கள் போடும் காலர் டி-ஷர்ட்டுக்கு ஆர்டர் கொடுத்த வெளிநாட்டுக்காரர் ஒருவர், அப்பாவுக்கு ஒரு மட்டையையும் சில பந்துகளையும் அன்பளிப்பாக விட்டுப் போனார். அப்பா அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் சாத்தி வைத்தார். எட்டு வயதுத் தங்கை நித்யா அதை எடுத்துத் தட்ட ஆரம்பித்தாள். சிமெண்டுத் தரையில் பந்து நிற்காமல் ஓடுகிறது என்று அவள் அழவும், குளிர்காலச் சட்டைக்காக ஒரு பக்கம் ரோமம் எழுப்பிய, நாங்கள் "பிளீஸ்" என்று சொல்லும் தடித்த பச்சைத் துணியில் மீந்ததை அப்பா இரண்டு துண்டாகக் கொண்டுவந்து சேர்த்து விரித்தார்.

அந்தத் துணியில் ரோமம் எல்லாத் துண்டிலும் ஒரே பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். மாற்றி வெட்டிவிட்டால் கட்டிங் மாஸ்டர்களை அப்பா உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார். அவரே அன்றைக்கு மகள் அழுத அவசரத்தில் மாற்றி விரித்துவிட்டார். பந்து முதல் துண்டில் சறுக்கிக்கொண்டு போய், இரண்டாவதில் ஏறியதும் திணறி நின்றது. "திருப்பிப் போடறன் கண்ணு" என்றார். "வேண்டாங்ப்பா, இதுதான் நல்லாருக்குது" என்று நித்யா விடவில்லை. புல்லும் அப்படித்தான் ஒரு பக்கமாகச் சாயும் என்று பின்னாளில் அவளுடைய பயிற்சியாளர் சொன்னபோது, அவளுக்கு அது புதிதாக இல்லையாம்.

வாரக் கடைசிதோறும் அப்பா அவளைக் கோயமுத்தூருக்கு ஒரு கோல்ஃப் மைதானத்துக்குக் கூட்டிப் போனார். முதல் நாளே வாசலில், "வேட்டியோட உள்ள விடக்கூடாதுங்க, ரூல்ஸ்ங்க" என்றார் காவலாளி. "செரீங்க" என்று அப்பா வெளியே நின்றுகொண்டார். மகள் ஆடுவதை ஒரு தடவையாவது நேரில் பார்த்துவிட வேண்டும் என்று அவருக்கு எவ்வளவு ஆசை என்பது எனக்குத் தெரியும். ஒரு பேன்ட் தைத்துக் கொடுத்தேன். அதைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தவரைப் பார்த்து, செக்கிங் டேபிளில் இருந்த அக்கா ஒருத்தி, "ஏனுங்க மொதலாளி, பொண்ணு பாக்கக் கெளம்பிட்டீங்களாட்ட இருக்குது?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்துக்கொண்டே உள்ளே போய் வேட்டியோடு திரும்பி வந்தார்.

"பேன்ட்டு போட்டா என்னங்க கொறஞ்சு போயிருவீங்க?" என்று அம்மா சத்தம் போட்டாள்.

"நா ஒரு மாதிரி நின்னா புள்ள பந்தப் பாக்காது, என்னையத்தான் பாக்கும்" என்றார் அப்பா. அந்தக் கூச்சம் எனக்கும் இருக்கிறது. அதனால் அவரை வற்புறுத்த எனக்கு வாய் வரவில்லை.

வாராவாரம் அவர் வெளியிலேயேதான் நின்றார். அதற்குப் பதிலாக, ஒவ்வொரு போட்டி முடிந்ததும் வீட்டுக்கு வந்து, கடைசிக் குழியில் எப்படி அடித்தாள் என்பதை நித்யா அந்தத் துணியில் அடித்துக் காட்டுவாள். குழிக்குப் பதிலாகத் தம்ளரைச் சாய்த்து வைத்து, பந்து நின்ற இடத்தைக் காட்டி, "இங்கிருந்துங்ப்பா" என்பாள். அப்பா மூச்சு விடாமல் பார்ப்பார். அவள் தொழில்முறை ஆட்டக்காரியாகி ஊர் ஊராகப் போன பிறகும் இது நிற்கவில்லை; வீட்டுக்கு வரும்போது பையை இறக்குவதற்கு முன்பே துணியில் ஏறிவிடுவாள்.

அவள் முதல் பட்டம் வென்றது கடல் தாண்டி ஒரு நாட்டில். போனில் அப்பா, "எப்பிடி அடிச்ச சாமி?" என்று கேட்டார். "போன்ல சொல்ல மாட்டனுங்க, வந்து காட்டறனுங்ப்பா" என்றாள். அப்பா ஹாலைக் கூட்டித் துணியை உதறி விரித்து வைத்தார். அவள் விமானம் ஏறிய அன்றைக்கு அவருக்கு நெஞ்சு வலி வந்தது. நித்யா மட்டைப் பையோடு வந்து நின்றபோது, அப்பாவைக் கிடத்த இடம் வேண்டும் என்று யாரோ அந்தத் துணியைச் சுருட்டி வாசலில் போட்டிருந்தார்கள். அந்தக் கடைசி அடியை அவள் இன்று வரை எங்கள் யாருக்கும் அடித்துக் காட்டவில்லை.

எங்கள் கம்பெனி இப்போது யாருடைய குடோனாகவோ இருக்கிறது. நித்யா பல பட்டங்கள் வென்றுவிட்டாள். அந்தக் கோயமுத்தூர் மைதானத்தில் இப்போது வேட்டியைத் தடுப்பதில்லை. போன மாதம் அங்கே அவளுக்கு ஒரு போட்டி. முந்தின நாள் பயிற்சிக்கு, வாழ்க்கையில் முதல் தடவையாக நானும் உள்ளே போனேன். மதில் சுவரை ஒட்டிய ஒரு குழிக்கு வந்ததும் அவள் நின்றாள்.

"அப்பல்லாம் இங்க வந்தா மட்டும் மெதுவா ஆடுவனுக்கா, வாத்தியார் திட்டுவாரு."

"ஏன் கண்ணு?"

"சொவுத்துக்கு அந்தப் பக்கந்தான் அப்பா நிப்பாரு. இருமறது கேக்கும்."

அவள் அதற்காக மெதுவாக ஆடியது அப்பாவுக்குத் தெரியுமா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். பிறகு பந்தை வைத்து, கைக்கெட்டும் தூரத்தில் இருந்த குழியைப் பார்த்தபடி வெகுநேரம் அடிக்காமல் நின்றாள். சுவருக்கு அப்பால் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன.