வாடை இல்லாத கார்

எங்கள் வீட்டில் கார் இருந்தது. ஆனாலும் அம்மா திண்டிவனத்துக்கு பஸ்ஸில்தான் போவார். எண்பதுகளில் விழுப்புரத்தில் எங்கள் தெருவுக்கே அது ஒன்றுதான் கார். அதனால் வண்டியை ஷெட்டில் வைத்துக்கொண்டு பெண்டாட்டியை பஸ் ஏற்றிவிடுகிற மனிதர் என்று அப்பாவுக்கு நல்ல பெயர் கிடைத்திருந்தது.

குற்றம் காரின் மேல்தான். காணை ரோட்டில் ரைஸ் மில் நடத்திவந்த அப்பா, பாண்டிச்சேரி டாக்டர் ஒருவரிடம் வாங்கிய அந்த வண்டி என்னைவிட மூத்தது. பழைய என்ஜின் என்றால் வயிற்றுக்குள் புகை சேரும். அந்தக் கால வண்டிகளில் அது ஒரு குழாய் வழியாகக் கீழே இறங்கி ரோட்டோடு போய்விடும். எங்கள் வண்டியிலோ அடித்தகட்டின் ஓட்டைகள் வழியாக எங்களிடமே வந்து சேரும். கருகிய எண்ணெய் வாடை. "உங்க வண்டில ஏறினாலே கொமட்டுதுங்க" என்று சொல்லிவிட்டு, அம்மா மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடப்பார்.

அம்மாவின் அக்கா, என் பெரியம்மா, பெரியப்பா தவறிய பிறகு திண்டிவனத்தில் தனியாக இருந்தார். நாங்கள் போனதும் அக்காவும் தங்கையும் கதவைச் சாத்திவிட்டு, தலைமுடியை அவிழ்த்துப் போட்டு வெறும் தரையில் படுத்துக்கொள்வார்கள். சாயங்காலம் வரை பேச்சுதான். ஒரு நேரம் சிரிப்பார்கள், ஒரு நேரம் அழுவார்கள். உலை வைக்கிற நினைப்பே வராது. கடையில் வாங்கிய பன்னும் வாழைப்பழமும் மத்தியானச் சாப்பாடு. எனக்கு அந்த வீடு சுத்த போர். காரில் போய் இறங்கினால் அந்தத் தெருப் பிள்ளைகள் வாயைப் பிளப்பார்களே என்பதுதான் என் கவலை.

அப்பா, யார் சொன்ன சொல்லையும் அப்படியே நம்புகிறவர். கொமட்டுகிறது என்றால் அதற்கு வைத்தியம் பார்க்க வேண்டியதுதான். பாண்டிச்சேரி பழைய இரும்புக் கடையில், வெளிநாட்டு வண்டிகளிலிருந்து கழற்றிய வால்வுகள் மூன்றைப் பொறுக்கிக்கொண்டு வந்தார். ஒவ்வொன்றும் கட்டைவிரல் பருமன் இருக்கும். உள்ளே ஒரு ஸ்பிரிங், ஒரு சின்ன ஊசி. புகைக் குழாயை அந்த வால்வு வழியாக, என்ஜின் காற்று இழுக்கிற இடத்தில் சேர்த்துவிட்டால், தன் வயிற்றுப் புகையை என்ஜினே இழுத்து எரித்துக்கொள்ளும் என்றார். காதருகில் ஆட்டினால் கடகடவென்று சத்தம் வர வேண்டும். சத்தம் இல்லாவிட்டால் ஊசி ஒட்டிக்கொண்டது, குப்பையில் போட வேண்டியதுதான்.

முதல் வால்வு ஏதோ பெரிய காருடையது. காற்றை அளவுக்கு மீறி விட்டது. வண்டி நின்ற இடத்திலேயே இருமி இருமி அணைந்தது. இரண்டாவது நேர் எதிர். பாதிப் புகையைத்தான் விட்டது, மீதி ஆயில் மூடி வழியாகப் பொங்கியது. "பேஜாரு புடிச்ச வால்வு" என்று அதைத் தூக்கி எறிந்தார். மூன்றாவது உட்கார்ந்தது. அதற்குப் பிறகும் கார்புரேட்டர் திருகை இப்படிக் கொஞ்சம் அப்படிக் கொஞ்சம் திருப்பி, ஓட்டம் சீராகும்வரை காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். கடைசியில் ஆயில் மூடியைக் கழற்றி, அந்த வாயில் ஒரு காலண்டர் தாளை வைத்தார். தாள் பறக்கவில்லை. உள்ளே இழுபட்டு ஒட்டிக்கொண்டது.

"ஜல்தி வா, வந்து மோந்து பாரு!" என்று அம்மாவைக் கூப்பிட்டார்.

அம்மா வந்து மோந்து பார்த்தார். குறை சொல்ல ஒன்றும் இல்லை. சந்தோஷமும் இல்லை.

அந்த ஞாயிறு காரில் போனோம். தெருப் பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். தங்கை வீட்டுக்காரரைப் பார்த்ததும் பெரியம்மா பதறிப்போய் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, நாற்காலியைத் துடைத்துப் போட்டார். கறி வாங்க ஓடினார். அக்கா மசாலா அரைக்க, தங்கை வெங்காயம் உரிக்க, அப்பா கூடத்தில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து பேப்பர் படித்தார். சாப்பிட்டு முடித்ததும் பாத்திரம் தேய்த்தார்கள், டீ போட்டார்கள், புறப்பட்டுவிட்டோம்.

"இப்ப கொமட்டுதா?" என்று வழியில் அப்பா கேட்டார்.

"இல்லீங்க" என்றார் அம்மா.

அடுத்த மாதமும் இதே கதைதான். கிளம்பும்போது பெரியம்மா கார் ஜன்னலுக்குள் கையை விட்டு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "உன்கிட்ட ஒண்ணு பேசணும்னு நெனச்சிக்கினே இருந்தேன்டி. நேரமே இல்லாம போச்சு. சரி, இன்னொரு நாளு பாப்போம்." அம்மா தலையை மட்டும் ஆட்டினார். அப்பா சாவியில் கை வைத்தவர் உடனே வண்டியை எடுக்கவில்லை.

அதற்கடுத்த முறை புறப்படுகிற காலையில் அப்பா பானெட்டைத் திறந்து வால்வைக் கழற்றிக்கொண்டிருந்தார். பழைய குழாயைப் பழையபடி கீழே இறக்கி மாட்டினார். வால்வை நான் வாங்கி ஆட்டிப் பார்த்தேன்.

"சத்தம் வருதேப்பா!"

"வரட்டும். இது போயிடுச்சு" என்று பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு வீட்டுப் பக்கம் திரும்பி, "இந்த என்ஜினுக்கு அது ஒத்து வரல. நீங்க பஸ்லயே போய்ட்டு வாங்க" என்றார்.

அம்மா வாசலுக்கு வந்து காரைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். உள்ளே போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வந்தார்.

எனக்கு ஆத்திரமான ஆத்திரம். கார் பெருமையெல்லாம் போயிற்றே! பஸ் விக்கிரவாண்டி தாண்டும்வரை பொருமிக்கொண்டிருந்துவிட்டு, "அப்பாவுக்கு ஒரு வால்வு மாட்டக்கூடத் தெரியல" என்றேன்.

நறுக்கென்று தலையில் ஒரு குட்டு விழுந்தது. அம்மா என்னைக் குட்டியதே இல்லை. நான் அழத் தயாராக நிமிர்ந்து பார்த்தால், அவர் கண்தான் கலங்கியிருந்தது.

"அவருக்கா தெரியாது?" என்றார் அம்மா.

தெரியும் என்றால் ஏன் கழற்ற வேண்டும் என்று திண்டிவனம் வரும்வரை யோசித்தேன். பெரியம்மா எங்களை உள்ளே விட்டு, கதவைச் சாத்தினார்.