கடலை இறைத்த டிராக்டர்

சுனாமியில் அந்தமானின் சௌல்தாரியில் எங்கள் நிலம் தாழ்ந்துபோனது. வயலுக்குள் வந்த கடல்நீர் திரும்பிப் போகவே இல்லை. அப்போதுதான் எங்கள் விவசாயக் குழுவுக்குப் புது டிராக்டர் வந்தது. மெயின்லேண்டிலிருந்து வந்த மெக்கானிக் எனக்கும் என் கணவருக்கும் அதைப் பழக்கினார். பின்பக்கம் சுழலும் பி.டி.ஓ. தண்டில் பம்பை மாட்டினால் வயலை இறைத்துவிடலாம் என்று அவர் சொன்னதும், வேறெதுவும் எங்கள் காதில் ஏறவில்லை. கிளட்சை முழுதாக மிதித்து, லீவரைப் போட்டு, என்ஜின் வேகத்தை மெல்லக் கூட்டி, பம்புக்குரிய அளவில் வேகம் காட்டும் முள்ளை நிறுத்தக் கற்றோம்.

விடாமல் இறைத்ததில் சேறு தெரிந்தது.

"பாத்தியா, நம்ம மண்ணு! பானி பூரா போயிருச்சு!" என்று கணவர் அதில் இறங்கி நின்றார்.

பௌர்ணமிக்கு ஏறிய கடல் வரப்பைத் தாண்டி எல்லாவற்றையும் நிரப்பியது. மறுபடி இறைத்தோம், மறுபடி நிரம்பியது. மெக்கானிக்கிடம் போய்ச் சொன்னேன்.

"மெஷின் டீக் ஹை, பாபி" என்றார், மெஷின் நன்றாகத்தான் இருக்கிறது அண்ணி என்று.

மெஷினில் குறை என்று நான் சொல்லவே இல்லை.

கடைசியில் டிராக்டர் மேட்டு நிலம் வைத்திருந்த குழுக்காரர்களிடம் போனது. ஓட்டத் தெரிந்த ஆள் வேண்டுமென்று என் கணவரைக் கூப்பிட்டார்கள். அவர் கூலிக்கு அவர்கள் வயலை உழுதார். நான் சாப்பாடு கொண்டுபோனால், கொடுத்துவிட்டு, அவர் உழுவதைப் பார்க்க நிற்காமல் உடனே திரும்பிவிடுவேன்.