நாடி விழுந்த காலை

எட்டு வயதில் எனக்கு விஷக்காய்ச்சல் வந்தது. போகும்போது பள்ளிக்கூடத்தையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. கோயமுத்தூர் டாக்டர் மார்பில் குழாய் வைத்துப் பார்த்து, இதயம் களைத்திருக்கிறது, கொஞ்ச நாள் ஓடியாட விடாதீர்கள் என்றார். எங்கள் வீட்டில் கொஞ்ச நாள் என்பது எப்போதைக்கும் என்று ஆயிற்று. துடியலூர்ப் பள்ளி எங்கள் தோட்டத்திலிருந்து நல்ல தூரம். "பொட்டப்புள்ளைக்கு இந்த மட்டுக்கும் எழுத்துப் போதும் தம்பி" என்றாள் அத்தை. அப்பாவின் அக்கா சொன்னால் அது முடிந்த பேச்சு.

அந்தச் சமயத்தில்தான் அம்மாவின் தம்பி சென்னையில் தேகப்பயிற்சிப் படிப்பை முடித்து வந்தார். அயல்நாட்டு ஆராய்ச்சிக்காரர்கள் மனிதர்களைப் பலகையில் ஏறி இறங்கச் சொல்லி நாடியை எண்ணுகிறார்களாம். பழகப் பழக இதயம் நிதானமாகிறதாம். மாமாவுக்கு ஆராய்ச்சிக்கு ஓர் ஆள் தேவை, எனக்குப் பள்ளிக்கூடம் தேவை. மெல்ல மெல்லப் பழக்கலாம் என்று டாக்டரும் தலையசைத்தார்.

பலகைக்குப் பதில் துணி துவைக்கிற கல். ஏறு, இறங்கு. மாமா ஒரு கையில் கடிகாரத்தையும் மறு கையில் என் மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டு எண்ணுவார். (இன்று என் மகள் இருமினால்கூட அவள் மணிக்கட்டைத் தொடுகிறேன். சரியான இடத்தைத்தான் தொடுகிறேனா என்பது வேறு விஷயம்.)

"அவளென்ன செக்கு மாடா?" என்பாள் அத்தை. அம்மா அடுப்படி வாசலில் நின்று என் முகத்தையே பார்ப்பாள். கல்லில் தொடங்கியது நடையாயிற்று. நடை, தோட்டத்தைச் சுற்றி ஓட்டமாயிற்று.

ஒரு காலை, நான் படுக்கையில் இருக்கும்போதே மாமா நாடியை எண்ணினார். மறுபடி எண்ணினார். பிறகு கிணற்றடியில் நீர் இறைக்கும் கவலையில் மாடு பூட்டிக்கொண்டிருந்த அப்பாவை நோக்கி ஓடியபடியே கத்தினார்.

"மச்சான்! புள்ளைக்கு நாடி விழுந்துபோச்சுங்க!"

எங்கள் பக்கம் நாடி விழுந்தது என்றால் ஒரே அர்த்தம்தான். அத்தை கையிலிருந்த சொம்பைப் போட்டுவிட்டு மாரில் அடித்துக்கொண்டாள். அப்பா மாட்டை விட்டுவிட்டு ஓடி வந்தார். பண்ணையாள், உறவுக்காரர்களுக்குச் சொல்லப் போவதற்காகத் தலைத்துண்டை உதறிக் கட்டினார். நான் அதற்குள் எழுந்து புழக்கடையில் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். வாய் நிறையப் பல்பொடி. உயிரோடிருக்கிறேன் என்று சொல்லவும் வழியில்லை. அம்மா ஒருத்திதான் கத்தவில்லை. வந்து என்னை அப்படியே இறுக்கிக்கொண்டாள். பல்பொடி அவள் சேலையெல்லாம் ஆயிற்று.

"படிச்ச படிப்புக்கு வேற வார்த்தை கிடைக்கலியா உனக்கு?" அப்பா மாமாவை அடிக்காத குறை.

"எண்ணிக்கை குறைஞ்சிருக்குன்னு சொன்னேனுங்க மச்சான். இதயம் பலமாயிட்டா கொஞ்சமா அடிச்சே வேலைய முடிச்சுக்கும்."

"கொஞ்சமா அடிச்சா நின்னுபோகாதாடா, பாவி?" என்றாள் அத்தை.

"பழகாத மாடு கவலை இழுத்தா எப்படி இரைக்குதுங்க? பழகுன மாடு?"

காலமெல்லாம் கிணற்றில் கவலை ஓட்டி நீர் இறைத்தவர் அப்பா. என்னைப் பார்த்தார். "அது அலுங்காம போய் வருமே" என்றார். பிறகு, அக்காவின் முகத்தைப் பார்க்காமலே, "திங்கக்கிழமை பள்ளிக்கூடம் போகட்டும்" என்றார்.

திங்கட்கிழமை அம்மா தோட்டத்துப் படல் கதவு வரை வந்தாள். இரண்டு வேலிகளுக்கு நடுவே போகும் இட்டேரியின் வளைவு வரை நான் ஓடினேன். எனக்கு இரைக்கவில்லை என்று அவளுக்குக் காட்ட அதே வேகத்தில் திரும்பி வந்தேன். பார்த்தால், நின்ற இடத்திலேயே நின்ற அம்மாவுக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

"ஓடுனது நானுங்கம்மா! நீங்க ஏனுங்க இரைக்கறீங்க?"

"போ கண்ணு, நேரமாச்சு" என்றாள்.

அம்மாவுக்கும் மாமா கொஞ்ச நாள் பயிற்சி கொடுத்தால் சரியாகிவிடும் என்று உறுதியாக நம்பிக்கொண்டே பள்ளிக்கு ஓடினேன்.