பட்டியலில் இல்லாத வீடு

சங்கிலி மாட்டிய கதவின் இடுக்கில் தெரிந்த பாதி முகம்தான் அவரைப் பற்றிய என் முதல் நினைவு. ஸ்ட்ராத்ஃபீல்டில் நாங்கள் குடியிருக்கும் ஆறு மாடிக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் அவர் தனியாக இருந்தார். எல்லோருக்கும் அங்கிள். இலங்கையிலிருந்து வந்தவர் என்பதற்கு மேல் யாருக்கும் எதுவும் தெரியாது. அந்த வருடம் உள்ளூர் கவுன்சில் நடத்திய அவசரகாலப் பயிற்சிக்கு எங்கள் கட்டடத்திலிருந்து நான்கு பேர் போயிருந்தோம். கடும் வெயிலில் கரண்ட் போய் லிஃப்ட்டும் நின்றுவிட்டால் உதவி வந்து சேரப் பல மணி நேரம் ஆகலாம், அதுவரை அக்கம்பக்கத்தார்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். யார் தனியாக இருக்கிறார், யாருக்கு என்ன நோய் என்று பட்டியல் எடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. நான் கோயம்புத்தூர்க்காரி, ஐ.டி. வேலை. பட்டியல் போடுவது எனக்குப் பிடித்தமான காரியம்.

அங்கிள் படிவத்தைக் கையில் வாங்கவே இல்லை.

“பேர் எழுத வேண்டாம், பிள்ளை. எங்கட ஊரிலயும் வீடு வீடா வந்து எழுதிக்கொண்டு போனவை. பிறகு அந்தப் பேப்பரோடதான் ஆக்களைப் பிடிக்க வந்தவை.”

“இது உதவிக்குத்தான், அங்கிள்.”

“ஓம். அவையும் அப்பிடித்தான் சொன்னவை.”

எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. அவர் வீட்டு எண்ணைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டு அடுத்த கதவுக்குப் போனேன்.

அந்தக் கோடையில் ஒரு சனிக்கிழமை மதியம் கரண்ட் போனது. படித்தபடியே எல்லாம் செய்தோம். நாலு பேரும் மாடிகளைப் பிரித்துக்கொண்டு கதவுகளைத் தட்டினோம். நான்காவது மாடியில் ஆக்சிஜன் இயந்திரத்தை நம்பியிருந்த கொரியப் பெண்மணியை, கைவசம் இருந்த சிலிண்டரோடு நாற்காலியில் உட்காரவைத்து இறக்கினோம். ஒரு மணி நேரத்தில் எல்லாப் பெயர்களுக்கும் டிக் விழுந்துவிட்டது. கீழே நிழலில் நின்று தண்ணீர் குடித்தபோது எங்களைப் பற்றி எங்களுக்கே பெருமையாக இருந்தது. இரண்டாவது மிடறில்தான் எனக்கு அங்கிள் ஞாபகம் வந்தது.

மூன்று மாடி ஓடி ஏறினேன். வெகுநேரம் தட்டிய பிறகு சங்கிலி விலகும் சத்தம் கேட்டது. சமையலறைத் தரையில் கிடந்தவர் தவழ்ந்து வந்து திறந்திருக்கிறார். உதடு வெடித்து, தோல் நெருப்பாகச் சுட்டது. ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டு ஈரத் துணியால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

“ஏன் அங்கிள் கூப்பிடல? பக்கத்து வீட்டுக்குத்தானே வந்திருந்தேன்.”

“தட்டினது கேட்டது. எனக்கில்லை எண்டு தெரியும்.”

குரலில் குற்றச்சாட்டு இல்லை. அதனால்தானோ என்னவோ, இத்தனை வருடம் கழித்தும் அந்த வாக்கியம் என்னிடம் அப்படியே இருக்கிறது.

ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்தவர் நேரே என் வீட்டு வாசலில் நின்றார். “பேர் தரமாட்டன், பிள்ளை. திறப்புத் தாறன்” என்று தன் வீட்டுச் சாவியை என் கையில் வைத்தார். உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். “போட்டு வாறன்” என்று விடைபெற்றுப் படியிறங்கிப் போய்விட்டார்.

இப்போது அவர் மெல்பர்னில் மகளோடு இருக்கிறார். அந்த வீட்டுக்குக் குடிவந்த இளம் தம்பதி, பூனையின் பெயர் உட்பட எல்லாவற்றையும் ஐந்து நிமிடத்தில் போனிலேயே நிரப்பி அனுப்பினார்கள். கட்டடத்தில் இன்னும் இரண்டு வீட்டுக்காரர்கள் பெயர் தரவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. கரண்ட் போனால் முதலில் அந்த இரண்டு கதவுகளைத்தான் தட்டுகிறேன்.