எனக்கு முன்பே அவருக்குத் தெரிந்தது

முகம்கூடப் பார்த்திராத ஒரு டைப்பிஸ்ட் மீது ஏறக்குறைய ஒரு வருஷம் பொறாமைப்பட்டேன். எண்பதுகளின் பிற்பகுதி அது. சேலையூரில் ஒரு பள்ளியில் நான் மூன்றாம் வகுப்பு டீச்சர். கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு வாடகை வீடு. என் கணவருக்குப் பாரிமுனையில் ஆபீஸ் வேலை. எங்களுக்கு ஏழு வயதில் ஒரு பெண்.

ஒரு பொங்கலுக்குப் பிறகு அவர் என்னைத் தொடுவதை நிறுத்திவிட்டார். அதற்கு முன் இரண்டு மூன்று முறை என்னிடம் வந்து, பாதியிலேயே விலகி, "டயர்டா இருக்கு" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கொஞ்ச நாளில் ஃபேன் காற்று சரியில்லை என்று பாயை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போனார். ஹாலில் இருந்த ஃபேன்தான் பழசு, கடகடவென்று சத்தம் போடும்.

நான் கண்ணாடி முன் நின்று என்னைப் பார்த்துக்கொண்டேன். பிரசவத்துக்குப் பிறகு தளர்ந்த வயிறு, சாக்பீஸ் பிடித்துப் பிடித்து வறண்ட விரல்கள். ஆபீஸில் புதிதாக ஒரு டைப்பிஸ்ட் சேர்ந்திருக்கிறாள் என்று அவர் முன்பு இரண்டு தடவை சொல்லியிருந்தார். பிறகு அவள் பேச்சையே எடுக்கவில்லை. எனக்கு அது போதாதா? சட்டைகளை மோந்து பார்த்தேன். காலரில் முடி தேடினேன். பள்ளியில் உடன் வேலை பார்த்த ஒருத்தி இரண்டாவது முறை உண்டாகி, ஸ்டாஃப் ரூமில் மாங்காய்க் கீற்றைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்தாலும் எரிச்சலாக இருந்தது.

வெள்ளிக்கிழமைகளில் அவர் தாமதமாக வர ஆரம்பித்தார். ஒரு வெள்ளிக்கிழமை குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டுக்கு அருகே போய் நின்றேன். பீச் ஸ்டேஷனிலிருந்து வந்த வண்டியில் அவர் இறங்கினார். கூட வந்தது பெண் இல்லை. அவருடைய ஆபீஸ் சிநேகிதர், மாடம்பாக்கத்துக்காரர். தினமும் இருவரும் ஒரே பெட்டியில்தான் போய் வருவார்கள். எங்கள் வீடு கிழக்குப் பக்கம், இவர்கள் மேற்குப் பக்கம் இறங்கினார்கள். தள்ளி நடந்து பின்னாலேயே போனேன். ஒரு மெடிக்கல் ஷாப்புக்கு மேலே இருந்த கிளினிக்குக்குப் படியேறினார்கள். எதிரே கொய்யாப்பழ வண்டியருகே முக்கால் மணி நேரம் நின்று பார்த்துவிட்டு, அவருக்கு முன்னால் வீடு வந்து சேர்ந்தேன்.

"ட்ரெயின் லேட்டு" என்றார் செருப்பைக் கழற்றிக்கொண்டே.

ஞாயிற்றுக்கிழமை காலை, பெண் ஹிந்தி கிளாஸுக்குப் போனதும் கேட்டேன்.

"யாருங்க அவ?"

"எவ?"

"அந்த டைப்பிஸ்ட். அவளால ஏதாவது வியாதி வந்துடுச்சா? டாக்டர்கிட்ட எதுக்குப் போறீங்க?"

முதலில் சிரித்தார். பிறகு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. எழுந்து போய் பீரோவின் அடித்தட்டில் துணிகளுக்குப் பின்னாலிருந்து மூன்று லேகிய டப்பாக்களை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். சுவர்களில் 'ஆண்மைக் குறைவா?' என்று நோட்டீஸ் ஒட்டி, மாதம் ஒரு நாள் லாட்ஜில் ரூம் போட்டு மருந்து விற்கும் ஆளிடம் வாங்கியவை.

"எனக்கு முடியல" என்றார். "ஆசை இருக்கு. உடம்பு கேக்க மாட்டேங்குது. விறைப்பு வந்தாலும் நிக்கறதில்ல. உன்னால இல்ல. எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

அந்த டைப்பிஸ்ட் என் மனதைவிட்டு அந்த நிமிஷமே இறங்கிப் போனாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ஆனால் பிடித்துக்கொண்டே கேட்டேன்:

"கிளினிக்குக்குக் கூட வந்தாரே உங்க சிநேகிதர், அவருக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"ரெண்டு மாசமா. அவன்தான் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனான்."

ரெண்டு மாசம். நான் கண்ணாடி முன் நின்று வயிற்றை உள்ளிழுத்துப் பார்த்துக்கொண்டிருந்த ரெண்டு மாசம். என்னிடம் சொல்ல முடியாததை ரயிலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்த மனுஷரிடம் சொல்லியிருக்கிறார். டைப்பிஸ்ட் மேல் வந்ததைவிடக் கடுமையான பொறாமை எனக்கு அந்தச் சிநேகிதர் மேல் வந்தது.

செவ்வாய்க்கிழமை அந்தச் சிநேகிதர் தன் தோட்டத்து முருங்கைக்காயோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் ஒரே ஒரு டம்ளர் காபியைக் கொண்டுபோய்க் கணவர் கையில் கொடுத்தேன்.

"இன்னா சிஸ்டர், எனக்கு இல்லியா?"

"பால் தீர்ந்துடுச்சு."

அவர் என் கணவரைப் பார்த்தார். "சொல்லிட்டியா மச்சான்?" என்றார். கணவர் தலையை ஆட்டியதும் என் பக்கம் திரும்பினார். "கோச்சுக்காத சிஸ்டர். செவுத்து நோட்டீஸ நின்னு படிச்சிகினு இருந்தான். நானும் அப்பிடி நின்னவன்தான். எனக்கு சுகரால வந்திச்சி. அந்த டாக்டர்தான் கண்டுபுடிச்சாரு. அதான் இட்டுகினு போனேன்."

"உங்க வீட்ல சொன்னீங்களா?"

"வூட்லயா? அதெப்படி சிஸ்டர் சொல்றது?"

அவர் மனைவியை நான் பார்த்ததில்லை. அவளும் இவருடைய சட்டையை மோந்து பார்த்துக்கொண்டிருக்கிறாளோ என்று நினைத்ததும் எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "இன்னிக்கே போய்ச் சொல்லுங்க. உங்களுக்கு வேற யாரோ இருக்காங்கன்னு அவங்க நெனச்சிட்டிருப்பாங்க" என்று சத்தம் போட்டேன். அவர் எழுந்து போனார். முருங்கைக்காயை அன்றே சாம்பாரில் போட்டேன், அதில் கோபம் காட்டவில்லை.

மனைவியையும் அழைத்து வரச் சொல்லியிருந்தாராம் டாக்டர். சனிக்கிழமை போனோம். டாக்டருக்கு ஐம்பது வயது இருக்கும், பேச்சில் அவசரமில்லை. காலையில் எழும்போது விறைப்பு இருக்கிறதா, எப்போதிலிருந்து இப்படி, குடிப்பழக்கம் உண்டா என்று தலைவலியைப் பற்றிக் கேட்பது போலக் கேட்டார். இவரும் கூச்சமில்லாமல் பதில் சொல்லிக்கொண்டே போனார். ஒன்பது வருஷக் கல்யாணத்தில் என்னிடம் அவர் அப்படிப் பேசியதில்லை. அந்த டாக்டர் மேலும் ஒரு கணம் பொறாமை வந்தது, மறைப்பானேன்.

டாக்டர் என்னிடம் விளக்கினார். முந்தின வருஷம் எங்கள் காலனியில் வேறொரு டாக்டர் ரத்தக்கொதிப்புக்கு எழுதிக் கொடுத்த மாத்திரை சிலருக்கு இப்படிச் செய்யுமாம். இவருக்குச் சர்க்கரை இல்லை என்று டெஸ்டில் தெரிந்துவிட்டது.

"நீங்களா மாத்திரைய நிறுத்திடாதீங்க, அது ஆபத்து. நான் வேற எழுதித் தரேன். அந்த லேகியத்த மட்டும் தூக்கிப் போட்டுடுங்க. ஒரு தடவ தவறிட்டா, அடுத்த தடவையும் தவறிடுமோன்னு பயம் வந்துடும். அந்த பயமே பாதி காரணம். கொஞ்ச நாளைக்கு எதையும் சாதிக்கணும்னு நெனைக்காதீங்க. பக்கத்துல இருங்க, போதும்." பிறகு என்னைப் பார்த்து, "நீங்க என்னம்மா நெனச்சீங்க?" என்றார்.

"வேற பொண்ணுன்னு நெனச்சேன் சார்."

"எல்லாரும் அதத்தாம்மா நெனைக்கறாங்க" என்றார்.

அன்று இரவே பாய் ஹாலிலிருந்து உள்ளே வந்தது. புது மாத்திரை ஒத்துப்போக இரண்டு மாதம் ஆனது. எல்லா நாளும் சரியாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். முடியாத நாளில் "இன்னிக்கு வேணாம்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு என் பக்கமே திரும்பிப் படுப்பார். நானும் வயிற்றை உள்ளிழுப்பதை விட்டேன்.

பள்ளி லீவில் பெண்ணை என் அக்கா வண்டலூர் மிருகக்காட்சிசாலைக்கு அழைத்துப் போயிருந்த ஒரு பகலில், பழையபடி எல்லாம் நடந்தது. அதன் பிறகு அந்தச் சிநேகிதர் எங்கள் வீட்டுக்கு வந்தபோது என்னைப் பார்த்த சிரிப்பிலேயே புரிந்துவிட்டது. அதையும் இவர் ரயிலில் அவரிடம் சொல்லியிருக்கிறார்! அவர் போனதும், "அதுகூடவா சொல்லணும்?" என்று கத்தினேன்.

"அவன்தானே கூட வந்தான்" என்றார் கணவர். பிறகு, "அவனும் வீட்ல சொல்லிட்டானாம்" என்றார்.

அவள் என்ன சொன்னாளாம் என்று கேட்டேன். அழுதாளாம். அப்புறம் நன்றாகத் திட்டினாளாம். கேட்க எனக்குத் திருப்தியாக இருந்தது.